விதை கேட்டால் வீட்டு முகவரியும் போகுமா? மாடித்தோட்டக் குழுவில் சேர ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

ஆடிப் பட்டம் நெருங்கினால் போதும், மாடித்தோட்டக் குழுக்கள் களைகட்டிவிடும். மூக்குத்தி அவரை விதை யாரிடம் இருக்கிறது, சிறகு அவரையை இப்போது போடலாமா, செம்மண்ணுக்குக் கோகோபீட் எவ்வளவு கலக்க வேண்டும் என்று காலையிலிருந்து இரவு வரை பேச்சு ஓடும். அதே வாரங்களில், குழுவுக்கு வெளியே, வேறொரு கேள்வியும் காதில் விழும். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதிலும் தனியாகவோ வயதான பெற்றோருடனோ இருப்பவர்கள். "சேரணும்னு ஆசைதான், ஆனா என் நம்பர் அத்தனை பேருக்கும் போயிடுமே?"

"அப்படியென்றால் சேராதீர்கள்" என்பது பதில் ஆகாது. கடைப் பாக்கெட்டில் கிடைப்பது பெரும்பாலும் வீரிய ஒட்டுரகம். தம்பட்டை அவரையும் கும்பச் சுரையும் இன்னொரு தோட்டக்காரர் கையிலிருந்துதான் வந்தாக வேண்டும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக்கொண்டால், படம் போட்ட பத்து நிமிடத்தில் வேப்பெண்ணெயை எப்படிக் கரைப்பது என்று சொல்ல ஆள் வேண்டும். நாலு பேரோடு பழகாமல் இந்தத் தோட்டம் நடக்காது. அதனால் எந்த வழியாகச் சேர்வது, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

## எதை வைத்து அளப்பது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். கைபேசி எண் யார் கைக்குப் போகிறது? வீடு எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா? வீட்டில் ஆள் இல்லாத நேரம் தெரிகிறதா? கேட்ட உதவி எவ்வளவு சீக்கிரம் வருகிறது, நட்பு வளர்கிறதா? நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் சுவடில்லாமல் விலக முடியுமா?

எல்லோரும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். என் கணிப்பில் அதற்கு மூன்றாவது இடம்தான். எண் போனால் தொல்லை வரும். காலை வணக்கப் படம் வரும், சீட்டுக் கம்பெனி விளம்பரம் வரும், சமயத்தில் அசிங்கமான அழைப்பும் வரும். தடுத்துவிடலாம், கடைசியில் எண்ணையே மாற்றலாம். வீட்டை மாற்ற முடியாது.

வீடு தெரிவது விண்ணப்பப் படிவத்தால் அல்ல. தோட்டப் பேச்சிலேயே அது தானாக வெளியே வந்துவிடும். பூத்த பாகற்கொடியைப் படம் எடுக்கிறோம். பின்னால் கோயில் கோபுரம், அடுக்ககத்தின் பெயர்ப்பலகை, பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் கூரை. ஊர்க்காரர் ஒருவருக்கு அது போதும், தெருவைச் சொல்லிவிடுவார். "எங்கள் ஏரியாவில் லாரித் தண்ணீர், உப்பு அதிகம், செடி கருகுகிறது" என்று எழுதினால் பேட்டையே தெரிந்துவிடும். இதைவிட மோசமான கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஏப்ரல், மே மாதத்திலும் யாராவது கேட்பார்கள்: "பத்து நாள் ஊருக்குப் போகிறோம், செடிக்கு எப்படித் தண்ணீர் விடுவது?" முகம் தெரியாத சில நூறு பேருக்கு, வீடு பத்து நாள் பூட்டியிருக்கும் என்று அறிவித்தாயிற்று. சொட்டுநீர் யோசனையைத் தேதி சொல்லாமலும் கேட்கலாம், ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகும் கேட்கலாம். பதில் அதேதான் வரும்.

இனி ஒவ்வொரு வழியாக.

## சொந்த எண்ணில் வாட்ஸ்அப் குழு

இதைவிட வேகமான வழி கிடையாது. அம்மா வயதுக்காரர்கள் இருப்பது இங்கேதான். நாற்பது வருடம் கத்தரி போட்ட ஒருவர் டெலிகிராமில் இருக்க வாய்ப்பு குறைவு. குரல் பதிவில் "கண்ணு, அந்த இலையைத் திருப்பிப் பாரு, அடியில அசுவினி இருக்கும்" என்று சொல்வார். அந்தப் பழக்கம் வேறு எந்தச் செயலியிலும் இவ்வளவு லேசாக வருவதில்லை.

விலை என்னவென்றால், குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எண் தெரியும். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். படம், கடைசியாகப் பார்த்த நேரம் எல்லாவற்றையும் அமைப்பில் (செட்டிங்ஸ்) மறைக்கலாம், எண்ணை மறைக்க முடியாது. விலகினாலும், முன்பு இருந்தவர்கள் பட்டியலில் 60 நாள் வரை எண் தெரியும். அதற்குள் யாராவது சேமித்துவிட்டால் அது அவர்கள் கையில்.

பலர் கவனிக்காத செலவு வேறு. முகப்புப் படத்தை "என் தொடர்புகள் மட்டும்" என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருப்போம். அப்புறம் விதை அனுப்பிய ஒருவரின் எண்ணை "சுரை விதை அக்கா" என்று சேமிப்போம். அந்த நொடியிலிருந்து அவரும் நம் தொடர்பு. குழந்தையோடு எடுத்த முகப்புப் படம் அவருக்குத் தெரியும். அவரும் நம் எண்ணைச் சேமித்திருந்தால் ஸ்டேட்டஸும் தெரியும். சேமிப்பதில் தப்பில்லை, சேமிக்கும்போது, இவருக்கு இதெல்லாம் தெரியலாமா என்று ஒரு தடவை யோசித்தால் போதும்.

உரையாடல் முழுவதையும் ஓர் உறுப்பினர் கோப்பாக இறக்கி வெளியே கொண்டுபோக முடியும். 2025இல் வந்த மேம்பட்ட உரையாடல் தனியுரிமை என்ற வசதியைப் போட்டுவைத்தால் இப்படி இறக்குவதைத் தடுக்கலாம். ஆனால் திரையைப் படம் பிடிப்பதற்கு மருந்து இல்லை.

பல குழுக்களை ஒரே குடையில் வைக்கும் கம்யூனிட்டி என்ற ஏற்பாட்டில் நடத்துகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அதன் அறிவிப்புக் குழுவில் மட்டும் இருந்தால் எண் நிர்வாகிகளுக்கும் ஏற்கெனவே சேமித்திருப்பவர்களுக்கும்தான் தெரியும். விதைத் திருவிழா எப்போது, நாற்று எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள அதுவே போதும். பேச வேண்டுமென்றால் உள்குழுவில் நுழைய வேண்டும். நுழைந்தால் எண் தெரியும்.

ஒரே ஊர், ஒரே பேட்டை, ஐம்பது அறுபது பேர், நிர்வாகியை நேரில் தெரியும் என்றால் இந்த வழியே நல்லது. அங்கே ஒளிந்துகொள்வதில் லாபமும் இல்லை. சந்தையில் பார்த்துப் பேசிக்கொள்ளும் கூட்டம் அது.

## இரண்டாவது எண்ணில் வாட்ஸ்அப்

"தோட்டத்துக்கு ஒரு சிம், வீட்டுக்கு ஒரு சிம்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆண்ட்ராய்டில் ஒரே கைபேசியில் இரண்டு வாட்ஸ்அப் கணக்குகள் வைத்துக்கொள்ளும் வசதி 2023இலிருந்து இருக்கிறது. வேகம் அதேதான், பழகும் ஆட்களும் அதே ஆட்கள்தான். போவது தோட்ட எண் மட்டும்.

ஆனால் இந்த எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டும். மூன்று மாதம் பயன்படுத்தாமல் விட்டால் சிம் முடங்கிப்போகலாம். பிறகு அதே எண் வேறொருவருக்கு விற்கப்படும். அவர் புதிதாக வாட்ஸ்அப் போட்டால், உங்களுக்கு வந்திருக்க வேண்டிய விசாரிப்பு அவருக்குப் போகும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் சும்மா கிடந்தால் நீக்கப்பட்டுவிடும். போதாததற்கு, செய்திச் செயலிகள் கைபேசியில் உள்ள சிம்மோடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. சிம்மைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுச் செயலியை மட்டும் ஓட்டலாம் என்ற கணக்கை நம்பி இறங்க வேண்டாம்.

இன்னொரு ஓட்டை: விதைக்கு ஐம்பது ரூபாய் அனுப்ப இரண்டாவது எண்ணிலிருந்து பேசிவிட்டு, வங்கியோடு இணைந்த முதல் எண்ணிலிருந்து யுபிஐ செய்வோம். அங்கே எல்லாம் ஒன்றாகிவிடும்.

பெரிய குழுக்களில் பல வருடம் இருக்கப்போகிறவர்களுக்கும், குழுவை நடத்தப்போகிறவர்களுக்கும் இந்தச் செலவு தகும். ஒரு சீசன் எட்டிப்பார்க்க நினைப்பவருக்கு வீண்.

## டெலிகிராமில் பயனர் பெயரோடு

எண்ணை மறைப்பதற்கு இதுதான் நேர்வழி. அமைப்பில் "என் எண்ணை யாரும் பார்க்க வேண்டாம்" என்று வைத்து, "எண்ணை வைத்து என்னைக் கண்டுபிடிக்க" என்பதைத் தொடர்புகளுக்கு மட்டும் என்று மாற்றினால், குழுவுக்கு நீங்கள் "கொடியவரை" என்ற செடிப் புனைபெயர் மட்டுமே. சேரும்போதே கைபேசியின் முகவரிப் புத்தகத்தைச் செயலிக்குக் கொடுக்காமல் இருந்துவிடுங்கள். கொடுத்தால் அலுவலகத் தோழருக்கு "இன்னார் டெலிகிராமில் சேர்ந்திருக்கிறார்" என்று தகவல் போகலாம். அவர் வந்து பார்த்தால் கொடியவரை யார் என்று தெரிந்துவிடும்.

குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பதால் பழைய கேள்விபதில்கள் ஒரு சுரங்கம். தேடினால் மூன்று வருடத்துக்கு முந்தைய பீர்க்கங்காய்ப் பிரச்சினைக்கும் பதில் கிடைக்கும். ஆனால் பொதுக் குழுவாக இருந்தால், சேராமலே யார் வேண்டுமானாலும் எல்லாவற்றையும் படிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) இங்கே குழுக்களுக்குக் கிடையாது. பெயரை மறைத்தோம் என்ற தைரியத்தில் தெருப் பெயரை எழுதிவிடுகிறவர்களை இங்கேதான் அதிகம் பார்க்கிறேன்.

நிர்வாகியின் பெயரையும் படத்தையும் ஒட்டிக்கொண்டு தனிச்செய்தியில் வந்து, அரிய விதை இருக்கிறது, முன்பணம் அனுப்புங்கள் என்று கேட்கும் ஆட்களும் உண்டு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைப்பதுதான் முதல் வேலை.

சரி, புனைபெயரில் இருந்தால் நட்பு வளருமா? வளரும், ஆனால் ஒரே பெயரில் நிலைத்து நிற்க வேண்டும். விதை கொடுப்பவர் பார்ப்பது ஆதாரில் உள்ள பெயரை அல்ல. போன வருடம் வாங்கிய விதை முளைத்ததா, காய்த்த படம் போட்டீர்களா, கேட்டவருக்குத் திருப்பிக் கொடுத்தீர்களா என்பதைத்தான். இரண்டு சீசன் ஒழுங்காகப் படம் போட்டவர் "கொடியவரை" ஆனாலும் விதை கிடைக்கும். மாதம் ஒரு பெயர் மாற்றுகிறவருக்குக் கிடைக்காது.

## ஃபேஸ்புக் குழு

தோட்டக்காரர்களில் ஒரு பெரும் பகுதி இன்னும் இங்கே இருக்கிறது. எண் யாருக்கும் தெரியாது. எண் போகாதே தவிர, குடும்பமே தெரிந்துவிடும். தங்கை கல்யாணம், கணவரின் ஊர், பிள்ளையின் பள்ளி என்று பதினைந்து வருடம் போட்டதெல்லாம் பெயரைத் தொட்டால் திறக்கும். என் பார்வையில், எண் தெரிவதைவிட இது பெரிய விஷயம். முகப்புப் பூட்டு வசதி இந்தியாவில் 2020லேயே வந்துவிட்டது. சேர்வதற்கு முன் அதைப் போடுங்கள், நண்பர்கள் பட்டியலையும் மறையுங்கள்.

பெயர் காட்டாமல் கேள்வி கேட்கும் வசதியும் உண்டு. ஆனால் குழு நிர்வாகிகளுக்கு யார் கேட்டது என்று தெரியும். உரச் சந்தேகம் கேட்க அது தாராளமாகப் போதும்.

## நேரில்

பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் 2006இல் திருத்துறைப்பூண்டிப் பக்கம் தொடங்கிய நெல் திருவிழாவில் ஒரு முறை இருந்தது: 2 கிலோ விதைநெல் வாங்கிப் போகும் விவசாயி, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் யார் என்று தெரிந்தால்தான் அந்தக் கணக்கு நடக்கும். முழுக்க முகம் மறைத்த இடத்தில் பகிர்வு நெடுநாள் ஓடாது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரில் சந்திப்பதில் விந்தையான லாபம் ஒன்று உண்டு: முகம் தெரியும், முகவரி தெரியாது. விதைத் திருவிழாவிலோ செம்மொழிப் பூங்கா போன்ற பொது இடத்திலோ கைமாற்றிக்கொண்டால் எண்கூடத் தேவையில்லை. கெடுதல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வருடத்தில் சில நாள்தான் நடக்கும், சிற்றூரில் அதுவும் இல்லை, மாவுப்பூச்சி அதுவரை காத்திருக்காது. "என் மாடிக்கு வாருங்கள்" என்ற அழைப்பை மட்டும், ஓரிரு முறை வெளியே பார்த்துப் பழகியவர்களுக்கு வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எண் | குடும்பமும் வீடும் | உதவி, நட்பு | விலகுவது |
|---|---|---|---|---|
| சொந்த எண், வாட்ஸ்அப் | எல்லோருக்கும் தெரியும் | படத்தாலும் பேச்சாலும் தெரியும் | மிக வேகம் | எண் அவர்களிடம் தங்கிவிடும் |
| இரண்டாவது எண் | தோட்ட எண் மட்டும் | அதேபோல் | மிக வேகம் | எளிது, சிம் செலவு உண்டு |
| டெலிகிராம் | மறைக்கலாம் | பொதுக் குழு என்றால் ஊருக்கே திறந்தது | நிதானம், பழைய பதில்கள் ஏராளம் | எளிது |
| ஃபேஸ்புக் | தெரியாது | பூட்டாவிட்டால் குடும்பமே தெரியும் | நிதானம் | பழைய பதிவுகளைத் தேடி அழிக்க வேண்டும் |
| நேரில் | தேவையில்லை | நீங்கள் சொன்னால்தான் | அபூர்வம், ஆனால் ஆழம் | கேள்வியே இல்லை |

## எந்த வழியில் போனாலும் நிற்கும் சிக்கல்: தபால் கவர்

மேலே சொன்ன அத்தனை மறைப்பும் ஒரு விதை கவரில் உடைந்துவிடும். விதை வர வேண்டுமென்றால் முகவரி கொடுக்க வேண்டும். கூரியர் என்றால் எண்ணும் சேர்த்துக் கேட்பார்கள். பல குழுக்களில் இதைச் செய்யும் விதம்தான் எனக்குக் கவலை தருவது. "விதை வேண்டுவோர் பெயர், முகவரி, எண்ணைக் கீழே பதியவும்" என்று ஒரு செய்தி. ஒருவர் கீழ் ஒருவராக நகலெடுத்து ஒட்டி, நாற்பது பேர் முகவரியும் ஒரே பட்டியலாகக் குழு முழுக்கச் சுற்றும். நல்லெண்ணத்தில் நடப்பதுதான். ஆனாலும் அது நாற்பது வீட்டுக் கதவு எண்.

பழைய முறையே மேல்: சொந்த முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய கவரை இன்னொரு கவரில் வைத்து அனுப்புவது. முகவரி ஒரே ஒருவருக்குப் போகிறது, அவரும் அதைத் தபாலில் திருப்பிவிடுகிறார், பட்டியலே உருவாவதில்லை. அவரைக்கொட்டை மாதிரித் தடித்த விதைகள் முத்திரை குத்தும்போது நசுங்கும் என்பதால் அட்டைத் துண்டு வைத்துக் கட்டுங்கள். கொடுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கு இது உதவாது. அவர் முகவரி எல்லோருக்கும் போகும். ஆண்டுதோறும் நிறையப் பேருக்கு விதை கொடுக்கிறவர்கள் தபால் நிலையத்தில் தபால் பெட்டி எண் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அலுவலக முகவரி கொடுப்பது பலர் செய்யும் வழி. வேலை செய்யும் இடம் தெரிவதில் உங்களுக்குச் சங்கடம் இல்லையென்றால் சரி.

பணம் அனுப்பும்போது வங்கியில் உள்ள முழுப்பெயர் எதிராளிக்குத் தெரியும். சில செயலிகளில் யுபிஐ முகவரியே கைபேசி எண்தான். எண் இல்லாத யுபிஐ முகவரி ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மறைக்க வழியில்லை, ஆகவே டெலிகிராமில் "கொடியவரை"யாக இருப்பவர் விதையைப் பணத்துக்கு வாங்காமல் விதைக்கு விதை மாற்றிக்கொள்வது நல்லது.

படங்களைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த இடத்தின் தகவல் நீங்கிவிடும். தெளிவு குறையக்கூடாது என்று கோப்பாக அனுப்பினால் அது அப்படியே போகும். இலையில் உள்ள புள்ளியைக் காட்டக் கோப்பு தேவையில்லை, கிட்டப் போய் எடுத்தால் போதும். கிட்டப் போய் எடுத்தால் கோபுரமும் படத்தில் வராது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் தகவலுக்குப் பொருந்தாது. விதை வாங்கியவர்களின் முகவரியைப் பொழுதுபோக்காகக் குறித்துவைத்திருக்கும் குழு நண்பர் அநேகமாக அதற்குள் வரமாட்டார்.

## யாருக்கு எது

முதல் முறை தொட்டி வைக்கிறவர், கேள்விகள் மட்டுமே உள்ளவர்: டெலிகிராம் அல்லது பூட்டிய ஃபேஸ்புக் முகப்பு. இந்தக் கட்டத்தில் உங்களிடம் கொடுக்க விதை இல்லை, தபாலும் தேவையில்லை. விதையைப் பக்கத்து நர்சரியிலேயே வாங்கித் தொடங்கலாம்.

தனியாக வசிக்கிறவர், ஏற்கெனவே யாராலோ தொல்லைப்பட்டவர்: டெலிகிராமும் விதைத் திருவிழாவும் சேர்ந்து. மெதுவாகத்தான் நட்பு வரும், பரவாயில்லை. வாட்ஸ்அப் தவிர்க்க முடியாது என்றால் இரண்டாவது எண். உங்கள் தொடர்பில் இல்லாத யாரும் உங்களைக் கேட்காமல் குழுவில் சேர்க்காதபடி அமைப்பை "என் தொடர்புகள்" என்று மாற்றுவதை இன்றே செய்யலாம்.

பேட்டைக் குழுவில் சேர அழைப்பு வந்திருக்கிறது, நிர்வாகி தெரிந்தவர் என்றால் சொந்த எண்ணிலேயே சேருங்கள். ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் விட ஆள் கிடைப்பது இந்தக் குழுவில்தான். அதையும் குழுவில் போடாமல் நம்பிக்கையான ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்.

பத்து ரகத்துக்கு மேல் விதை எடுத்து ஊரெல்லாம் அனுப்புகிறவருக்கு இரண்டாவது எண், தபால் பெட்டி, எண் இல்லாத யுபிஐ மூன்றும் வேண்டும். கவரில் உங்கள் பெயரைவிட ரகத்தின் பெயர், அறுவடை மாதம், எந்த மண்ணில் வளர்ந்தது என்பவை தெளிவாக இருந்தால் வாங்குகிறவருக்கு அதுதான் பயன்.

குழுவை நடத்துகிறவராக இருந்தால், முகவரிப் பட்டியல் கேட்கும் அந்தச் செய்தியை இந்த ஆடிக்கு நிறுத்திவிட்டு, "விதை தருபவருக்குத் தனிச்செய்தியில் மட்டும் முகவரி அனுப்பவும்" என்று ஒரு வரியைக் குழு விளக்கத்தில் சேருங்கள். பழைய பட்டியல் இருந்தால் அதையும் எல்லோருக்குமாக நீக்கப் பாருங்கள். நாளாகிவிட்ட செய்தியை நீக்க முடியாமல் போகலாம்.